டெல்மருக்கு வசந்தகாலத் தூண்டில் கம்பு வாங்கிய விவரம்

மிட்டன் ஏரி, விஸ்கான்சின்
மே 30, ஞாயிறு

மதிப்பிற்குரிய ஆர்டிஸ் அண்ணி அவர்களுக்கு,

தம்பி மனைவி மார்லிஸ் பணிவோடு எழுதுவது. நானும் உங்கள் தம்பி டெல்மரும் உயிரோடிருக்கிறோம். இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். நடுவில் எழுதினால் அதுவரை உங்களுக்கு மூச்சு நிற்குமோ என்று பயமாக இருக்கிறது. அரிசோனா வெயிலில் உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கு ஏப்ரல் இருபதாம் தேதி ஏரியில் பனி உடைந்தது. மற்றபடி எல்லாரும் சௌக்கியம் என்று எழுதத்தான் ஆசை.

பிப்ரவரியில் உங்கள் தம்பிக்கு நெஞ்சைப் பிளந்து அறுவை செய்தபோது நீங்கள் வந்து, இனி இவன் பல் நிறைந்த அந்த ராட்சத மஸ்கி மீன் பக்கமே போகக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு, அவருடைய ஐந்து தூண்டில் கம்புகளையும் காரின் கூரையில் கட்டி எடுத்துப் போனீர்களே, அது நல்லதற்குத்தான், நான் குறை சொல்லவில்லை, ஆனால் பனி உடைந்த நாளிலிருந்து மனிதர் பேசவில்லை அண்ணி, நாற்பத்தோரு வருடத்தில் தூக்கத்தில்கூட பேசாமலிருந்ததில்லை, இப்போது ஜன்னலோரம் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார், பெருக்கவில்லை, வீசினார், இரண்டு தடவை திரைச்சீலை கழன்று விழுந்தது, வெள்ளிக்கிழமை ஊர் மீன் வறுவல் விருந்துக்குக் கூப்பிட்டாலும் வரவில்லை. அவர் நெஞ்சுக்குப் பயந்ததைவிட அந்த மௌனத்துக்கு நான் அதிகம் பயந்துவிட்டேன். டாக்டரிடம் ரகசியமாகப் போன் செய்தேன். இலேசான கம்பு, இலேசான இரை, ஒரு மணி நேரம், கூட ஒரு ஆள், இவ்வளவுதான் அனுமதி என்றார். கூட ஒரு ஆள் என்றால் நான். எனக்கு நீச்சல் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும்.

அவரைக் கடைக்கு அனுப்பினால் உலக்கை மாதிரி ஒன்றைத் தூக்கி வந்துவிடுவார் என்று நானே போனேன். கடைக்காரி பெயர் ராக்ஸி, இடது கையில் மோதிர விரல் பாதிதான் இருந்தது.

"அது... மஸ்கி கடிச்சதா?"

"கார் கதவு. மஸ்கியா இருந்தா பக்கத்து ரெண்டும் போயிருக்கும். உங்களுக்கு என்னம்மா வேணும்?"

"ஒரு தூண்டில் கம்பு. மீன் மாட்டாத மாதிரி ஏதாவது இருக்கா?"

"அந்த மாதிரிதான் இந்த ஊர்ல பாதிப் பேர்கிட்ட இருக்கு. யாருக்கு, எந்தப் பருவத்துக்கு?"

விஷயத்தைச் சொன்னேன். அவள் நூறு கம்புகளுக்கு நடுவில் என்னை நிறுத்திப் பாடம் எடுத்தாள். வசந்தத்தில் தண்ணீர் இன்னும் குளிர், மீன் இப்போதுதான் முட்டையிட்டு அசந்து கிடக்கும், பெரிய பொய் இரையைத் துரத்தாது, உள்ளங்கை நீளத்தில் சின்னதாகத்தான் வீச வேண்டும், அதற்கு உங்கள் வீட்டுக்காரர் வைத்திருந்த ஒன்பதடித் தடிகள் ஆகவே ஆகாது என்றாள்.

"கடப்பாரையை வச்சுக்கிட்டு கோழியிறகை வீசிப் பாருங்க, எங்க போகும்? தோள்பட்டைதான் போகும்."

"அப்ப இதோ இந்த மெல்லிசு?"

"அது நூடுல்ஸ். மஸ்கி வாய் பூரா எலும்பு, தூண்டில் முள்ளு ஏறாது. ஏறினாலும் அரை மணி நேரம் இழுபறி. அவர் நெஞ்சு தாங்குமா?"

தாங்காது என்று நான் அங்கேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். ஏழடி போதாதா என்று கேட்டேன். அதற்கு அவள், இரை படகோரம் வந்ததும் கம்பு நுனியால் தண்ணீருக்குள் எட்டுப் போட வேண்டும், பின்னாலேயே வரும் மீன் அப்போதுதான் கவ்வும், கம்பு குட்டையாக இருந்தால் குனிய வேண்டும், குனிந்தால் நெஞ்சு மடங்கும் என்றாள். ஆக எட்டடி, நடுத்தரத்துக்குக் கொஞ்சம் மேலான விறைப்பு, நுனி மட்டும் இளகல், ஒரு முட்டை எடை இரையை இரண்டு கையால் சுலபமாக வீசலாம் என்று ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தாள். வீட்டுக்காரரைக் காப்பாற்றும் கம்பா, கொல்லும் கம்பா என்று தெரியாமலேயே வாங்கினேன். வீட்டில் அதைப் பார்த்ததும் உங்கள் தம்பி பேசினார். "நுனி நல்லாயிருக்கு" என்றார். மூன்று சொல்லோ இரண்டோ, அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

நேற்று மஸ்கி பிடிக்கும் பருவம் தொடங்கியது. காலையில் மாத்திரைப் பெட்டி, போன், விசில், இரண்டு கம்பளி, மிதவைச் சட்டைக்கு மேல் இன்னொரு மிதவைச் சட்டை என்று படகில் ஏறினேன். நாணல் ஓரத்தில் அவர் வீச ஆரம்பித்தார், நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நெஞ்சு எப்படி இருக்கு?"

"இருக்கு."

"மூச்சு வாங்குதா?"

"நீ கேட்டுக்கிட்டே இருந்தா வாங்கும்."

இருபதாவது வீச்சோ என்னவோ, நூலைச் சுற்றி இரையை இழுத்துக்கொண்டே வந்தவர் சட்டென்று உட்கார்ந்தார் அண்ணி, முகம் சாம்பல் நிறம், நெற்றியில் வேர்வை, "மார்லிஸ், இதைப் பிடி" என்று கம்பை என் கையில் திணித்துவிட்டு நெஞ்சில் கை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். நான் ஒரு கையில் கம்பும் மறு கையில் போனுமாக நின்றேன், எந்த எண்ணை அழுத்துவது என்று தெரியவில்லை, கை கால் எல்லாம் உதறியது, அந்த உதறலில் தண்ணீருக்குள் தொங்கிய இரை எட்டு, ஒன்பது, பதினாறு எல்லாம் போட்டிருக்கிறது, அப்போது படகுக்கு அடியிலிருந்து ஒரு முகம் வந்தது. முதலைக்கும் வாத்துக்கும் பிறந்த மாதிரி. என்னைத்தான் பார்த்தது. பிறகு வாயைத் திறந்தது.

நான் போட்ட கூச்சலில் போன் ஏரியில் விழுந்தது. கம்பை விட்டுவிடத்தான் நினைத்தேன், பயத்தில் விரல் இறுகிப் பிரிய மாட்டேன் என்கிறது. உங்கள் தம்பி கண்ணைத் திறந்தார்.

"நுனியைத் தூக்காதே! பக்கவாட்டுல, பக்கவாட்டுல சாய்!"

"உங்க நெஞ்சு?"

"நெஞ்சு எங்கேயும் போகாது, மீன் போயிடும்!"

"எந்திரிச்சீங்கன்னா கம்பைத் தண்ணியில போட்டுருவேன். சத்தியமா!"

உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே சொன்னார், நான் செய்தேன், அழுதுகொண்டே செய்தேன். மீன் இழுத்தால் கம்பு வளைந்து கொடுத்தது, நான் இழுத்தால் உறுதியாக நின்றது, ராக்ஸி பொய் சொல்லவில்லை. மீன் கைவலைக்குள் வந்ததும் அவர் கையை நீட்டினார், நான் தட்டிவிட்டு நீண்ட குறடை எடுத்து, அந்தப் பற்களுக்கு இடையே என் கையையே விட்டு முள்ளைக் கழற்றினேன். நாற்பத்தோரு அங்குலம். வலையைச் சாய்த்தோம், ஒரு தரம் வாலை ஆட்டிப் போய்விட்டது. திரும்பிப் பார்த்தால் உங்கள் தம்பி அழுகிறார்.

"வலிக்குதா?"

"இல்ல. நல்லாயிருந்துச்சு."

நான் நம்பவில்லை. ஈரத் துணியோடு நேரே ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். அவரைச் சோதித்துவிட்டு, இதயம் குதிரை மாதிரி ஜோராக ஓடுகிறது, காலையில் சாப்பிடாமல் மாத்திரை போட்டதால் வந்த மயக்கம் என்றார்கள். பிறகு ஒரு நர்ஸ் என் முகத்தைப் பார்த்துவிட்டு என் கையில் பட்டையைச் சுற்றினாள். இரத்த அழுத்தம் நூற்றுத் தொண்ணூறு. என்னைத்தான் மாலைவரை படுக்க வைத்தார்கள். உங்கள் தம்பி பக்கத்தில் உட்கார்ந்து "மூச்சு வாங்குதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஆகவே அண்ணி, உங்கள் சொல்லைத் தாண்டியது என் தப்புதான். நாளை மறுநாள் கம்பைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். இனி இந்த வீட்டிலிருந்து ஒருவரும் ஏரியில் கால் வைக்க மாட்டோம். கோபத்தில் விமானம் ஏறி வந்துவிட வேண்டாம். உங்கள் ஆரோக்கியத்துக்காக ஞாயிறுதோறும் வேண்டிக்கொள்கிறேன். அங்குள்ள எல்லாருக்கும் எங்கள் அன்பு.

என்றும் உங்களுக்கு அஞ்சி நடக்கும்,
மார்லிஸ்

பி.கு.: கடிதம் நான்கு நாளாகப் பையிலேயே கிடந்தது. கம்பைத் திருப்பிக் கொடுக்கத்தான் போனேன், இரண்டு கம்போடு வந்தேன். புதியது உங்கள் தம்பிக்கு. பழையதை நான் யாரிடமும் தருவதாக இல்லை. விமானம் ஏறாதீர்கள் என்று எழுதியதை அடித்துவிடவும், அடுத்த வாரமே வரவும். செருப்பில்லாமல் நின்று உங்கள் உயரத்தை அளந்து உடனே எழுதுங்கள், ஆளின் உயரத்தைப் பார்த்துத்தான் கம்பின் நீளம் என்கிறாள் ராக்ஸி.