கட்டில் போகும் சந்து

மைசூர் நகரத்தைத் திட்டமிட்டவர்கள் என்று ஒரு பட்டியல் எடுத்தால் மகாராஜாக்கள், திவான்கள், பெரிய பெரிய இன்ஜினியர்கள் என்று வரிசையாக வருவார்கள். அந்தப் பட்டியலில் மண்டி மொஹல்லாவில் இரும்புக் கட்டில் விற்கும் ஒருவரையும் சேர்த்தே ஆக வேண்டும் என்பது என் கட்சி. சேர்க்காவிட்டால் பட்டியலையே நான் ஏற்க மாட்டேன்.

அவருக்குப் பெயர் என்று ஒன்று இருக்கத்தான் வேண்டும். எங்கள் சந்தில் அவர் வெறும் கட்டில்காரர். ஹனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம், சந்தின் கோடியில் கடை. வீடு வீடாகக் கட்டில் கொண்டுபோய்ப் போட்டதில், எந்தச் சந்தில் எவ்வளவு அகலத்துக்குச் சாமான் நுழையும் என்பது அவருக்கு அத்துப்படி. அதிலிருந்து ஒரு தத்துவமும் கண்டுபிடித்து வைத்திருந்தார்.

"நடந்து போறவனுக்கு ஒன்றரை அடி போதுமுங்க. படுத்துட்டுப் போறவனுக்கு மூணடி வேணும். கட்டில் உள்ள போற சந்துலதானுங்க சீக்காளி வெளிய வர முடியும்!"

எங்கள் சந்தில் ஆம்புலன்ஸ் நுழையாது. யாருக்காவது நெஞ்சு வலித்தால், ஸ்கூட்டர், தண்ணீர் டிரம், பூந்தொட்டி, செருப்பு அலமாரி எல்லாவற்றையும் தாண்டிப் பெரிய தெரு வரை அவர் தானே போய்க்கொள்ள வேண்டும். இதற்குத்தான் கட்டில்காரர் ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையை ஆரம்பித்தார். காலை பதினோரு மணிக்கு விசில் ஊதும். மூன்றடி அகலக் கட்டில் ஒன்றை முன்னால் இருவர், பின்னால் இருவர் தூக்கிக்கொண்டு சந்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போவார்கள். மேலே ஒரு நோயாளி படுத்திருப்பார். கட்டில் எங்கே முட்டுகிறதோ அங்கே சாக்பீஸால் ஒரு வட்டம்.

நோயாளி நான்தான். ஏன் என்று கேட்டேன்.

"நீங்க ஒல்லி சார். அதுவுமில்லாம உங்களுக்கு மொகமே அப்பிடித்தானுங்க. தனியா நடிக்க வேண்டியதில்ல."

முதல் ஞாயிறே பேக்கரிக்காரரின் தட்டு அடுக்கில் முட்டியது. "நாளைக்கு எடுக்கறேன்" என்றார் அவர். "ஆகட்டுங்க. அதுவரைக்கும் சீக்காளி இங்கயே கெடக்கட்டும்" என்று கட்டில்காரர் என்னைக் கட்டிலோடு பேக்கரி வாசலில் இறக்கி வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். வருகிறவர்கள் எல்லாம் என்னைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். ஓர் அம்மாள் என் கையில் ஒரு பன்னை வைத்து, "இதைத் தின்னுதானா இப்பிடி ஆச்சு?" என்று பேக்கரிக்காரரையே கேட்டார். அடுத்த ஐந்தாவது நிமிஷம் தட்டு அடுக்கு உள்ளே போய்விட்டது.

இப்படி ஒவ்வொரு வட்டமாக அழிந்தது. அழியாமல் நின்ற ஒரே வட்டம் என் வீட்டுக் கல்படி. மழைத் தண்ணீர் உள்ளே வராமலிருக்க நானே கட்டியது. சந்துக்குள் தாராளமாக நீட்டிக்கொண்டிருக்கும். அந்த இடத்தில் மட்டும் கட்டிலைத் தோளுயரம் தூக்கிச் சாய்க்க வேண்டும். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வேன்.

"சீக்காளியே வழிய மறிச்சா எப்பிடிங்க சார்?"

"மழை வந்தா தண்ணி வந்துடும்ங்க" என்பேன், படுத்தபடியே.

அந்த வருஷம் என் மனைவி வனிதா கர்ப்பமாக இருந்தாள். தேதி எப்போது என்று கட்டில்காரர் விசாரித்தார். தசரா சமயம் என்று டாக்டர் சொல்லியிருப்பதாகச் சொன்னேன். மனிதர் முகம் வெளிறிவிட்டது. ஊர்வலம் எங்கள் பெரிய தெருவுக்குப் பக்கத்தில்தான் போகும். அன்றைக்கு வண்டி வாகனம் எதுவும் கிடையாது. வெளியூர்க்காரர்களின் பைக்குகள் மட்டும் எங்கள் சந்து முழுக்க அடைத்து நிற்கும்.

"அம்மணிய எப்பிடி வெளிய கொண்டு போவீங்க?" என்றார். அன்று முதல் அவருக்கு அது ஒன்றே கவலை.

அப்போதுதான் நகரப் பாதுகாப்புக்கும் நலவாழ்வுக்கும் திட்டம் போடுகிறோம், கருத்துச் சொல்லுங்கள் என்று வார்டில் ஒரு கூட்டம் கூட்டினார்கள். திட்டம் போட வந்த மேடம் வரைபடத்தை விரித்தார். அதில் எங்கள் சந்து லாரி போகிற அகலத்தில் இருந்தது. கட்டில்காரர் எழுந்து, "இது சந்து மேடம், படத்துல நல்லா இருக்குது. நேர்ல வந்து படுத்துப் பாருங்க" என்றார். கூட்டம் திகைத்தது. வாசலில் கட்டில் தயாராக இருந்தது. "மல்கொள்ளி மேடம்" என்று கன்னடத்திலும் ஒருமுறை பணிவாகப் படுக்கச் சொன்னார்.

அந்த அம்மாளைப் பாராட்ட வேண்டும். ஃபைலை என் கையில் கொடுத்துவிட்டுப் படுத்தேவிட்டார். கட்டில் ராஜநடையில் வந்தது, என் வீடு வரைக்கும். அங்கே தூக்கிச் சாய்த்ததில் மேடம் பாதி சரிந்து கம்பியைக் கட்டிக்கொண்டு, "யார் மனே இது?" என்று அலறினார். யார் வீடு என்று சொல்லச் சந்தே கை நீட்டியது. பேக்கரிக்காரர் இரண்டு கையையும் நீட்டினார்.

அன்று மாலையே கடப்பாரை எடுத்தேன். ஜன்னலிலிருந்து வனிதா, "இன்னும் ஓங்கி அடிங்க!" என்று உற்சாகப்படுத்தினாள்.

மேடத்தின் திட்டத்தில் கட்டில்காரர் கேட்ட இரண்டும் ஏறின. சந்து நெடுக மூன்றடி அகல வழியை ஒதுக்கி ஒரு மஞ்சள் கோடு, அதற்குள் யாரும் எதுவும் வைக்கக் கூடாது. ஊர்வல நாளில் சந்து முனையில் ஓர் ஆம்புலன்ஸ்.

ஊர்வலத்தன்று காலையில் கட்டில்காரர் தன் கடையிலிருந்த மடக்குக் கட்டில்களை எல்லாம் கொண்டுவந்து மஞ்சள் கோட்டுக்குள் வரிசையாகப் போட்டார். வழியை அவரே அடைக்கிறாரே என்று பதறினேன்.

"பைக்கை வெச்சுட்டுப் போனா ஆளே கெடைக்காது சார். கட்டிலைப் போட்டா உக்கோருவாங்க. உக்கோந்தவங்கள எழுப்பிக்கலாமுங்க!"

நஞ்சன்கூட்டிலிருந்து வந்த குடும்பங்கள் அதில் வசதியாக உட்கார்ந்து சித்திரான்னம் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. மத்தியானம் வனிதாவுக்கு வலி எடுத்தது. நான் செருப்பைத் தேடினேன், காலில் போட்டுக்கொண்டே தேடினேன். கட்டில்காரரின் விசில் மட்டும் சரியான நேரத்தில் ஊதியது.

"எந்திரீங்க! கட்டிலை மடக்குங்க!"

சோற்று டப்பாவோடு சனம் எழுந்து சுவரோரம் ஒதுங்கியது. கட்டில்கள் படபடவென்று மடங்கின. மூன்றடிப் பாதை அந்தக் கோடி வரை பளிச்சென்று திறந்தது. வனிதாவை ஏற்றியதும் நால்வரும், இல்லாத படிக்குப் பழக்கதோஷத்தில் கட்டிலை உயர்த்திப் பிடித்தார்கள்.

ஊர்வலத்துக்காகப் பெரிய தெரு வரை நிரம்பிக் காத்திருந்த கூட்டம் திரும்பிப் பார்த்தது. விசில், நான்கு ஆட்கள், மேலே ஒரு பெண். ஊர்வலத்தில் அரசாங்க இலாகாக்கள் கொண்டுவரும் அலங்காரக் காட்சிகளில் இதுவும் ஒன்று என்று நினைத்துக் கை தட்டியது! "எந்த டிபார்ட்மென்ட் சார்?" என்று ஒருவர் என்னைக் கேட்டார். "ஹெல்த்" என்றேன். "சிரிச்சீங்க, கொன்னுடுவேன்" என்றாள் வனிதா. கை தட்டிய கூட்டம் வழியும் விட்டது. எதிரே ஆம்புலன்ஸ் நின்றிருந்தது. யானை அம்பாரியோடு எங்கள் பக்கம் வந்து சேருவதற்குள் என் மகள் பிறந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்த கட்டில்காரர் முதலில் குழந்தையைப் பற்றிக் கேட்கவில்லை. "எங்கியாவது முட்டுச்சுங்களா?" என்றார்.

"ஒரு இடத்துலயும் முட்டலைங்க."

வார்டு வாசலிலேயே உட்கார்ந்து, மேல்துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். அப்புறம் எழுந்து நர்ஸ், வாட்ச்மேன், லிஃப்டுக்கு நின்றவர் என்று கண்ணில் பட்ட எல்லோரிடமும், "ஒரு எடத்துலயும் முட்டலீங்க!" என்று சொல்லிக்கொண்டே போனார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை நோயாளி என் மகள். "ஐயோ, அம்மா" என்று என்னைவிட நன்றாக முனகுகிறாள். மழை பெய்தால் எங்கள் கூடத்தில் தண்ணீர் நிற்கிறது. "கோட்டைத் தொடாம வீட்டோரமாத் தள்ளி ஒரு சின்னப் படி கட்டிக்கலாமுங்க சார், தப்பில்ல" என்று கட்டில்காரரே சொல்லிப் பார்த்துவிட்டார். எனக்கு மனசு வரவில்லை. அவர் கட்டில் போகிற வழியில் ஒரு செங்கல் வைக்கவும் என் கை எழாது, தண்ணீரைத் துடைத்துக்கொள்கிறேன்.