செப்பேட்டைத் தேடிப் போன முப்பத்தாறு பேர்

வரலாறு சொல்லிக்கொடுப்பவனுக்கு வழி தெரிந்திருக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்கு வேலையே கிடைத்திருக்காது.

கும்மிடிப்பூண்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வரலாற்று ஆசிரியராகச் சேர்ந்த புதிது. ‘புத்தகத்தில் படிப்பதெல்லாம் படிப்பா? நேரில் போய்ப் பார்ப்பதுதான் வரலாறு!’ என்று வாரத்துக்கு நான்கு முறையாவது வகுப்பில் முழங்குவேன். (நான் நேரில் பார்த்த பழம்பொருள், என் கல்லூரி விடுதிச் சப்பாத்தி மட்டும்தான்.) திருவாலங்காட்டுச் செப்பேடுகள் பாடம் வந்ததும், பிள்ளைகளை அங்கேயே அழைத்துப்போக அனுமதி கேட்டுத் தலைமையாசிரியை முன்னால் போய் நின்றேன்.

“சரி, நானும் வரேன். ஆனா எதுனா சொதப்புனீங்க, நான் இருக்கிற வரைக்கும் இந்த ஸ்கூல்ல டூர்ங்கிற பேச்சே கெடையாது” என்றார்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதுதான் முதல் சுற்றுலா. துணைக்கு, ஒரு மாணவியின் அம்மா லட்சுமி அக்கா, தொழிற்பேட்டையில் ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்தார். மின்சார ரயிலில் சென்னை சென்ட்ரல் போய், அங்கே வண்டி மாறித் திருவாலங்காடு. வழிநெடுக, செப்பேட்டில் உள்ள சோழ மன்னர்களின் பெயர்களை நான் மூச்சுவிடாமல் ஒப்பித்துக்கொண்டு வந்தேன்.

கோயில் குருக்கள் எங்களைப் பார்த்ததும், “காளியைப் பாத்துட்டு வந்தீங்களா?” என்று கேட்டார். அங்கே காளியைக் கும்பிட்ட பிறகுதான் சிவனிடம் வரவேண்டுமாம். (புத்தகத்தில் அது இல்லை.) முப்பத்தாறு பேரும் திரும்பிப் போய்க் காளியைக் கும்பிட்டுவிட்டு வந்தோம்.

“சாமி, செப்பேடு எந்த மண்டபத்துல இருக்கு?” என்று பெருமையாகக் கேட்டேன்.

“செப்பேடா? அது மெட்ராஸ் மியூசியத்துக்குப் போயி எவ்ளோ காலமாச்சு. எழும்பூர்ல இருக்கு சார்.”

எழும்பூர்! காலையில் வண்டி மாறிய சென்ட்ரலுக்குப் பக்கத்து ஏரியா.

“இன்னா சார், ஏடு எங்க? ஷிப்டு மாத்திக்கினு வந்துகிறேன்!” என்றார் லட்சுமி அக்கா, ஊருக்கே கேட்கும்படி. அவர் மகள் கவிதா பையிலிருந்து பாடப்புத்தகத்தை எடுத்துப் பிரித்தாள்.

“சார், படத்துக்குக் கீழயே பொடி எழுத்துல போட்டுக்குது சார். சென்னை அருங்காட்சியகம்னு.”

தலைமையாசிரியை அந்தப் புத்தகத்தைக் கையில் வாங்கினார். இரண்டே சொல்லை இரண்டு நிமிடம் படித்தார். என் மானம் போனதைவிட, இந்தப் பிள்ளைகளுக்கு இதுவே கடைசிச் சுற்றுலா ஆகிவிடுமே என்பதுதான் என்னை வதைத்தது.

இதற்குள் குருக்கள், காளியோடு போட்டியாக ஆடிய சிவன் கீழே விழுந்த தோட்டைக் காலாலேயே எடுத்துக் காதில் மாட்டிய கதையைச் சொல்லி முடித்திருந்தார். பிள்ளைகள் எல்லாரும் காலைக் காதுக்குத் தூக்கிப் பார்த்து, மண்டபம் முழுக்கப் பொத்துப் பொத்தென்று விழுந்துகொண்டிருந்தார்கள்.

தலைமையாசிரியை வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

“இருபது வருசமா இந்தப் பாடத்தை நடத்துறேன் சார். நானும் இங்கதான் இருக்குதுன்னு நெனச்சினு வந்தேன்!” என்றவர் திரும்பி, “லட்சுமி, அடுத்த மாசம் எழும்பூர். ஷிப்டு மாத்திக்கோ” என்றார். போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது.

என் கல்யாண வரவேற்பில் தலைமையாசிரியை மேடையேறி இந்தக் கதையைச் சொன்னதுதான் வினை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எது தொலைந்தாலும் அது எழும்பூரில்தான் இருக்கும். போன வாரம் கண்ணாடியைக் காணாமல் வீட்டையே புரட்டிக்கொண்டிருந்தேன். ஆறு வயது மகள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “எழும்பூர்ல பாருப்பா” என்றாள்.

கடைசியில் அது பாடப்புத்தகத்துக்குள் இருந்தது.