கப்பலுக்கு எத்தனை கதவு?

"ஒத்தக் கதவா?"

சோணைமுத்து நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

"ஆமா சார். உள் கேபின்னா அப்படித்தான். ஜன்னலும் கிடையாது" என்றான் சரவணக்குமார். விருதுநகரில் சின்னதாக ஒரு டிராவல்ஸ் ஆபீஸ் வைத்திருக்கிறவன்.

"ஒத்தக் கதவு ரூமுக்கு லைசென்ஸ் எவன் குடுத்தான்?"

சாப்பாடு சைவமா என்று கேட்பார்கள். கப்பல் ஆடுமா என்று கேட்பார்கள். லைசென்ஸ் கேட்ட முதல் ஆள் இவர்தான். வந்ததும் வராததுமாக, "பாண்டிமீனா பேர்ல ஒரு கப்பல் டிக்கெட் இருக்குல்ல, அத பாக்கணும்" என்று காக்கிச் சட்டைப் பையிலிருந்து அளவு டேப்பை எடுத்து மேஜைமேல் வைத்திருந்தார். "ஓ, பாதுகாப்பு பாக்க ஒருத்தரு வருவாருன்னு அந்தம்மா சொன்னாங்களே, நீங்கதானா சார்?" என்று சரவணக்குமார் மரியாதையாக டீ வாங்கி வரச் சொல்லியிருந்தான்.

சோணைமுத்துவைக் குறை சொல்ல முடியாது. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் முப்பத்தொரு வருடமாக ஃபோர்மேன். வெடிமருந்து அறை என்றால் எதிரும் புதிருமாகக் கதவு இருக்க வேண்டும், அதுவும் வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும், எத்தனை பேர் உள்ளே இருக்கலாம் என்று சுவரில் எழுதியிருக்க வேண்டும். இதையே தினமும் சொல்லிச் சொல்லி மனிதர் அப்படியே ஆகிப்போனார். கல்யாண வீட்டில்கூடப் பின்வாசல் எங்கே என்று பார்த்துவிட்டுத்தான் பந்தியில் உட்காருவார்.

அவருடைய மகள் வேல்விழி சென்னையில் வேலை பார்க்கிறாள். அம்மாவுக்காகக் கப்பலில் டிக்கெட் போட்டிருந்தாள். பாண்டிமீனா அந்தச் செய்தியைச் சொன்னபோது சோணைமுத்து ஒரு லாரி லோடு விஷயமாக ஃபோனில் கத்திக்கொண்டிருந்தார். காதில் விழுந்தவரை விஷயம் இதுதான்: மூன்று ராத்திரிப் பயணம், இரண்டு பேர், ஜன்னலே இல்லாத உள் கேபினா, கூடுதலாகப் பணம் கட்டி பால்கனி கேபினா என்று திங்கட்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இரண்டும் கைவிட்டுப் போய்விடும்.

"ஆதார் நகலெல்லாம் நான் குடுத்துட்டேன். நீங்க போயி கதவு ஜன்னல் பாத்துச் சொல்லுங்க. நீங்க சரின்னு சொன்னாத்தான் நான் நிம்மதியா ஏறுவேன்" என்றாள் பாண்டிமீனா. அத்தோடு விடவில்லை. "இதுவும் தவறிப் போச்சுன்னு வைங்க, சாகுற வரைக்கும் ஒங்ககிட்ட எங்கனயும் போகணும்னு கேக்கமாட்டேன்."

கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் அவள் போன தூரதேசம் திருச்செந்தூர். அங்கேயும் கடலில் கால் நனைத்த எட்டாவது நிமிடம், நாளைக்கு லோடு இருக்கிறது என்று சோணைமுத்து பஸ்ஸுக்கு இழுத்து வந்துவிட்டார். அது அவருக்கும் உறுத்தலாகத்தான் இருந்தது.

"பால்கனி கேபின்ல ரெண்டு கதவு இருக்கு சார்" என்று சரவணக்குமார் படத்தைக் காட்டினான்.

சோணைமுத்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "இது வெளிய தொறக்குற கதவு இல்லையே."

"பக்கவாட்டுல தள்ளணும் சார்."

"தள்ளுனா?"

"பால்கனி."

"அதுக்கு அங்கிட்டு?"

"கடல்."

"அப்ப ஓடி வர்ற ஆளு எங்கன போயி நிப்பான்?"

"எதுக்கு சார் ஓடணும்?"

சோணைமுத்து அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "தம்பி, எதுக்கு ஓடுறோம்னு கேட்டுக்கிட்டு நின்னவன் எவனும் வீட்டுக்குப் போனதில்ல."

உட்கார்ந்த இடத்தில் முடிவெடுக்கிற ஆள் இல்லை அவர். எதையும் சோதித்துப் பார்த்தாக வேண்டும். உள் கேபினின் நீள அகலத்தை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு விஸ்வநத்தத்திலிருந்த தன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டுச் சாமான் அறை காலியானது. அரிசி மூட்டையும் பழைய மிக்ஸியும் நடு வீட்டுக்கு வந்தன. உள்ளே ஒரு கட்டில் போட்டார். ஒரே ஜன்னலில் அட்டையை வைத்து அடைத்தார். கதவில் சாக்பீஸால் 'கேபின். ஆட்கள் 2' என்று எழுதி, வாசலில் ஒரு வாளி மணலும் ஒரு வாளி தண்ணீரும் வைத்தார்.

மல்லாங்கிணறிலிருந்து பாண்டிமீனாவின் அக்கா சண்முகத்தாயும் சேவுப் பொட்டலத்தோடு வந்து இறங்கினாள். வந்தவள் நேராகத் தங்கையோடு கேபினுக்குள் போய்க் கட்டிலில் படுத்துக்கொண்டாள். இருவரும் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

சோணைமுத்து உள்ளே நுழைந்தார். நுழைந்ததும் எண்ணினார். மூன்று.

"ரெண்டு பேருக்குத்தான் அனுமதி. மூணாவது ஆளு வெளிய போகணும்" என்றார் கண்டிப்பாக.

"அப்ப நீங்க வெளிய போங்க தம்பி" என்றாள் சண்முகத்தாய்.

சட்டம் சட்டம்தான். சோணைமுத்து வெளியே போனார்.

அரை மணி நேரம் கழித்து இரண்டு பெண்களும் குறட்டை விடுகிற சத்தம் கேட்டது. சேவும் காலியாகியிருந்தது. அவர்களை எழுப்பி அனுப்பிவிட்டு, "இப்ப நான் படுத்துப் பாக்கணும்" என்றார்.

"நீங்க எதுக்குப் படுக்கணும்? எங்களுக்கு நல்லாத்தான இருந்துச்சு" என்றாள் பாண்டிமீனா.

"படுத்துப் பாக்காம எப்படிச் சொல்றது?"

கதவைச் சாத்திவிட்டுப் படுத்தார். முதல் ஐந்து நிமிடம் கூரையைப் பார்த்தார். அடுத்த ஐந்து நிமிடம் கதவைப் பார்த்தார். பதினொன்றாவது நிமிடத்தில் எங்கேயோ குக்கர் விசில் அடித்தது. அவ்வளவுதான், கட்டிலிலிருந்து பாய்ந்து கதவை வெளிப்பக்கமாகத் தள்ளினார். உள்பக்கமாகத் திறக்கிற கதவு அது. அவர் தள்ளிய வேகத்தில் மேல் கீல் பிடுங்கிக்கொண்டது.

"ஒத்தக் கதவுங்கறது ஒரு தப்பு. உள்ள தொறக்குறது ரெண்டாவது தப்பு" என்று மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். "வெளிய தொறந்தா ஒருவேள தாங்கும்."

தச்சர் ஒச்சப்பன் ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு வந்து, கதவை வெளிப்பக்கமாகத் திறக்கிற மாதிரி மாற்றி மாட்டிவிட்டுப் போனார். சோணைமுத்து மறுபடி படுத்தார். இந்தத் தடவை ஒன்பது நிமிடம். எழுந்து ஒரே தள்ளு. கதவு பிரமாதமாகத் திறந்து, எதிரிலிருந்த குளியலறைக் கதவின் குறுக்கே போய், அடிப்பக்கம் தரையில் சிக்கி, அப்படியே நின்றுவிட்டது.

குளியலறைக்குள் சண்முகத்தாய் இருந்தாள்.

இழுத்தார்கள், தள்ளினார்கள், தேங்காய் எண்ணெய் ஊற்றினார்கள். கதவு அசையவில்லை. ஒச்சப்பன் ஃபோனை எடுக்கவில்லை. அவர் இனி இந்த நம்பரை எடுப்பதாக இல்லை போலிருக்கிறது.

"ஏ தம்பி!" உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஊரெல்லாம் கதவு எண்ணுவீகளே, இந்த ரூமுக்கு எத்தன கதவு?"

சோணைமுத்துவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருபத்தெட்டு வருடமாக ஒற்றைக் கதவு அறையில் சோப்புப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்! நாற்பது நிமிடம் கழித்து ஒச்சப்பனை ஆள் அனுப்பி இழுத்துவந்து கதவை அறுத்து மதினியை வெளியே எடுத்தார்கள். அன்று சாயங்காலம் சோணைமுத்து வாசல் குழாயில்தான் குளித்தார்.

உள் கேபின் சோதனையில் தோற்றுவிட்டது. மிச்சம் இருந்தது பால்கனி.

அதற்கு முன்னால் லீவு வாங்க வேண்டும். தீபாவளிக்கு நாற்பது நாள்தான் இருந்தது. கப்பல் கிளம்புவது அடுத்த வாரம். சீசனில் ஃபோர்மேன் லீவு கேட்டதாக அந்த வட்டாரத்திலேயே சரித்திரம் இல்லை. சோணைமுத்து கேட்பது என்று முடிவு செய்திருந்தார். பாண்டிமீனாவிடம் இதைப்பற்றி மூச்சு விடவில்லை. கையில் லீவோடு போய் நின்றால் அவள் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்க அவருக்கு ஆசையாக இருந்தது.

திங்கட்கிழமை மத்தியானம் அரை நாள் பெர்மிஷன் போட்டுவிட்டு, சிவகாசியில் முதலாளி நவநீதகிருஷ்ணன் வீட்டுக்குப் போனார்.

"அஞ்சு நாள் லீவு வேணும் மொதலாளி."

சீசனில் நான்கு மணிக்குத்தான் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்காருகிற நவநீதகிருஷ்ணன் சோற்றிலிருந்து கையை எடுத்தார். "யாரு போயிட்டாக?"

"யாரும் போகல. நான்தான் போறேன்."

"எந்தக் கம்பெனிக்கு?"

"கம்பெனிக்கு இல்ல மொதலாளி, கப்பலுக்கு."

கப்பல் என்பது ஏதோ பட்டாசு மார்க் என்று நினைத்து, கப்பல் படம் போட்ட லேபிளில் வெடிச் சரம் போடுகிறவன் எவன் என்று நவநீதகிருஷ்ணன் மனதுக்குள் ஒவ்வொரு போட்டியாளராக ஓட்டிப் பார்த்தார். அப்படி ஒருவனும் அகப்படாதது அவரை இன்னும் பயமுறுத்தியது. சீசன் நடுவில் ஃபோர்மேனை எவனோ தூக்கப் பார்க்கிறான், பெயரைக்கூட வெளியே விடாமல்!

"அஞ்சு நாள் என்ன, ஆறு நாளாவே எடுத்துக்கோங்க அண்ணாச்சி. ஆனா திரும்பி இங்கதான் வரணும்" என்றார். முப்பத்தொரு வருடத்தில் முதலாளி அவரை அண்ணாச்சி என்று அழைத்தது அன்றுதான்.

"இன்னொண்ணு மொதலாளி. ஒங்க மாடி பால்கனியில ஒரு மணி நேரம் நிக்கணும்."

நவநீதகிருஷ்ணன் அதற்கும் தலையாட்டினார்.

அந்த வீட்டின் இரண்டாம் மாடியில் தள்ளுகிற கண்ணாடிக் கதவும் அதற்கு வெளியே பால்கனியும் இருந்தன. கட்டியதிலிருந்து அங்கே புறாவைத் தவிர யாரும் நின்றதில்லை. சோணைமுத்து செருப்பைக் கழற்றினார். அறைக்குள் படுப்பது மாதிரி தரையில் படுத்தார். எழுந்து கதவைத் தள்ளினார். மூன்றே எட்டில் கம்பிவரை ஓடினார். கீழே எட்டிப் பார்த்தார். உள்ளே போய் மறுபடி படுத்தார். கைக்கடிகாரத்தில் நேரம் பார்த்துப் பார்த்து ஓடினார். பதினேழாவது தடவை ஓடிவந்து எட்டிப் பார்த்தபோது மணி ஐந்தேகால். அந்த நேரத்துக்குத்தான் கம்பெனி வேன் அந்தத் தெரு வழியாகத் திரும்பும்.

"ஏலே, வேன நிப்பாட்டு! போர்மேன் மொதலாளி வீட்டு மாடியிலருந்து குதிக்கப் பாக்காருலே!" என்று கத்தினான் வேனில் இருந்த தொழிலாளி மாரிக்கண்ணன்.

பதினெட்டுப் பேர் போகிற வேனிலிருந்து முப்பத்திரண்டு பேர் இறங்கினார்கள். கூடுதலாக ஒரு வேன் வேண்டும் என்று முதலாளியிடம் கேட்கச் சொல்லி ஒரு மாதமாக ஃபோர்மேனை அரித்துக்கொண்டிருந்தவள் பாண்டிச்செல்வி. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அண்ணே, குதிக்காதீக! எங்களுக்கு வேனே வேணாம்! மடியில உக்காந்துகூடப் போயிக்கிடுறோம்!"

சோணைமுத்துவுக்கு ஒன்றும் புரியவில்லை. போங்கள், போங்கள் என்று இரண்டு கையையும் ஆட்டினார்.

"ரெண்டு வேன் கேக்காருடா!" என்றான் மாரிக்கண்ணன்.

பின்னால் வந்த பஸ்ஸும் நின்றது. அதற்குப் பின்னால் வந்த பஸ்ஸுக்கு வழி இல்லை. டீக்கடைக்காரர் கடையைத் திறந்தபடியே விட்டுவிட்டு வந்தார். யாரோ கோஷம் போட, தெருவே அதை வாங்கிக்கொண்டது. நவநீதகிருஷ்ணன் செருப்புகூடப் போடாமல் வாசலுக்கு ஓடிவந்து மேலே பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், மறுபடி மேலே பார்த்தார். சாப்பாட்டு நேரத்திலிருந்து நடந்ததெல்லாம் அவருக்கு இப்போது விளங்கிவிட்டது.

"இதுக்குத்தானா லீவு, கப்பலு எல்லாம்! அண்ணாச்சி, நாளையிலருந்து இன்னொரு வேன் வரும். கம்பிய விட்டுத் தள்ளி நில்லுங்க!"

கைதட்டலும் விசிலும் அடங்க ஐந்து நிமிடம் ஆனது. பிறகு எல்லோரும் சந்தோஷமாகக் கலைந்துபோனார்கள். மாடியில் இருக்கிற ஆளை யாரும் நினைக்கவில்லை.

சோணைமுத்து மட்டும் நின்றுகொண்டிருந்தார். தெரு அமைதியாகிவிட்டது. மேற்கேயிருந்து காற்று வந்தது. சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டுக்கொண்டார். திடீரென்று ஒன்று உறைத்தது: கால் மணி நேரமாக அவர் கதவைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. வழி எங்கே என்று தேடவும் இல்லை. நிற்பது நன்றாக இருந்தது. இதே மாதிரி பாண்டிமீனாவோடு சும்மா நிற்க வேண்டும் என்று தோன்றியது. எட்டு நிமிடம் இல்லை, அவள் போதும் என்கிற வரைக்கும். இருபத்தெட்டு வருடத்தில் இப்படி ஒரு ஆசை வந்ததில்லையே என்று அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

மணி ஐந்து ஐம்பத்திரண்டு. அவசரமாக ஃபோனை எடுத்தார்.

"தம்பி, பால்கனியே போட்டுருங்க."

"தள்ளுற கதவு பரவாயில்லையா சார்?"

"பரவாயில்ல. நானே நின்னு பாத்துட்டேன். அங்கன நின்னா ஓடணும்னே தோணல."

"அப்பாடா! இருங்க சார்." கம்ப்யூட்டரைத் தட்டுகிற சத்தம் கேட்டது. "போட்டாச்சு சார், பால்கனி கேபின், பாண்டிமீனாம்மா, அவங்க அக்கா சண்முகத்தாயம்மா, ரெண்டு பேரு. அந்தம்மா வீட்டுக்காரரு, கப்பல வீட்டு வாசல்ல கொண்டாந்து நிப்பாட்டுனாலும் தீபாவளி முடியாம ஏற மாட்டாராமே, நீங்க அவரப் பாத்திருக்கீங்களா சார்?"