நம்ம குழாய்

நாட்டுக்காக உயிரைக் கொடுக்கத் துணிந்தவர்கள் பலர். ஒரே ஒரு வார்த்தையை வாய்விட்டுச் சொல்லக் கூசி உயிரைக் கொடுக்கத் துணிந்த மகான், ஆம்பூருக்கு அடுத்த எங்கள் முனிசிபாலிட்டியின் சேர்மன் ராவ் சாகிப் பஞ்சாட்சர முதலியார் ஒருவரே.

வயதான காலத்தில் அவருக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டது. டாக்டர் காசிநாதன் ரப்பர் குழாய் ஒன்றைச் செருகி, மறுமுனையைப் புட்டியில் விட்டார்.

"புட்டி எப்பவும் கீழேயே இருக்கணும். சோப்புப் போட்டுக் கை கழுவாம யாரும் தொடக் கூடாது. வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வாங்க, எடுத்துடலாம். ஜாஸ்தி நாள் விட்டா கிருமி ஏறிடும்."

வேலைக்காரன் வேலு பரம விசுவாசி. சீமைச் சோப்பு ஆயிற்றே என்று அதைப் பிரிக்காமல் பத்திரப்படுத்தினான். "ஐயாவோட சரக்கைத் தரையில வெக்கிறதா?" என்று புட்டியை உயரமான முக்காலியில் பட்டுத்துணி விரித்து ஏற்றினான். மரியாதை மேலே ஏற, புட்டியில் இருந்தது ஐயாவுக்குள்ளேயே திரும்பி இறங்கியது.

ஆஸ்பத்திரிக்குப் போனால் ஊர் சிரிக்குமே என்று சேர்மன் வெள்ளிக்கிழமையைக் கடத்தினார். சனிக்கிழமை குளிர்காய்ச்சல் கண்டது. ஆனாலும் 'மக்கள் பணி' நிற்கலாமா? கவுன்சில் கூட்டம் அவர் கட்டிலைச் சுற்றியே நடந்தது. கழுத்துவரை கம்பளி.

"உடம்புக்கு இன்னா சேர்மன் சாப்?" என்றார் வைஸ் சேர்மன் ரஷீத் அஹமது.

"குழாய்ல... கிருமி. எடுத்துடணும்னு டாக்டர் சொன்னார்."

"எந்தக் குழாய்?"

சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் உயிர் போகும். சேர்மன் கம்பளியை இன்னும் மேலே இழுத்துக்கொண்டு, "நம்ம குழாய்தான்" என்றார்.

முனிசிபாலிட்டிக்கு இருந்ததே ஒரு குடிதண்ணீர்க் குழாய். தோல் பதனிடும் ஷாப் கூலிகள் தெருவில் சேர்மனே திறந்துவைத்தது. 'மேற்படி கிருமிக் குழாயை வேரோடு பிடுங்குவது' என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. ஒரு வார்த்தை சொன்னால் இரண்டு குழாய்களுக்கும் நியாயம் கிடைக்கும். சேர்மன் கண் கலங்கக் கையெழுத்துப் போட்டார். அப்பேர்ப்பட்ட பெருந்தன்மை!

மாலையில் டாக்டர் பதறிக்கொண்டு வந்தார்.

"குழாயை எடுத்தாச்சு டாக்டர்! நாலு ஆளு, ரெண்டு கடப்பாரை!" என்றார் ரஷீத் அஹமது.

டாக்டர் திடுக்கிட்டுக் கம்பளியைத் தூக்கிப் பார்த்தார். எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, எடுக்க வேண்டியதை எடுத்து, மருந்து கொடுத்து, "நிறைய தண்ணி குடிங்க" என்றார். தெய்வாதீனமாகச் சேர்மன் பிழைத்தார். அவருக்கு மாலை மரியாதை நடந்த அன்று, வேலுவின் அக்காள், தோல் ஷாப்பில் கூலிவேலை செய்யும் முனியம்மா, காலிக் குடத்தோடு வந்து நின்றாள்.

"எங்க குழாய் எப்ப வரும் சாமி? பசங்க தோல் கழுவுற கால்வாய்ல மொண்டு குடிக்குதுங்க."

"அதுல கிருமிம்மா. உங்க நன்மைக்குத்தான் எடுத்தது" என்றார் சேர்மன்.

"வேலு எல்லாம் சொன்னான் சாமி. உங்க குழாயை எடுத்தாங்க, உங்களுக்குக் காய்ச்சல் விட்டுச்சு. எங்க குழாயை எடுத்தாங்க, எங்க தெரு முழுக்கக் காய்ச்சல். அப்ப கிருமி குழாய்லயா சாமி இருந்துச்சு?"