கழலாத மூக்கு

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் மருமகளைப் பெற்றவன் எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் நலம், என் ராக்கெட்டைத் தவிர. அங்கே தாங்களும் தங்கள் கிட் பெட்டிகளும் நலமாகவே இருப்பீர்கள்.

நேற்று நம் மாடல் ராக்கெட் கிளப் மைதானத்தில் நடந்தது தோல்வி அல்ல என்று தெரிவிக்கவே இக்கடிதம். பிள்ளைகள் வீட்டில் மராமத்து முடியும்வரை கைக்குழந்தையும் தாயும் நம் இருவரில் ஒருவர் வீட்டில்தான் தங்கவேண்டும். யாருடைய ராக்கெட் பாராசூட் விரித்து இறங்கவில்லையோ அவர் தம் ராக்கெட் அறையைக் காலி செய்து தரவேண்டும் என்று பேசிக்கொண்டோம். சரி. ஆனால் தாங்கள் என்ன செய்தீர்கள்? கடையில் வாங்கிய கிட் பெட்டியைப் பிரித்தீர்கள், படத்தைப் பார்த்தீர்கள், ஒட்டினீர்கள். நானோ அட்டையில் பசை தடவி, குளியலறையில் துண்டு போடும் கம்பியில் சுற்றி உடல் செய்தேன். காய்ந்ததும் வரமாட்டேன் என்றது; இழுத்ததில் கம்பி வந்தது, சுவரும் கொஞ்சம் வந்தது. "இனிமே துண்டை எங்கங்க போடறது, உங்க தலையிலயா?" என்றாள் வீட்டுக்காரி. பாராசூட்டுக்கு அவள் குடையை வெட்டினேன். அதற்கு அவள் சொன்னதை எழுத முடியாது. பிறகு ராக்கெட்டின் நுனியில் மாட்டும் கூம்பு மூக்கை மரத்தில் செதுக்கினேன். வாழ்நாளெல்லாம் குழாய் வேலை பார்த்தவன் நான். என் கை போட்ட இணைப்பில் ஒரு சொட்டுக் கசிந்ததாக எவனும் சொன்னதில்லை. ஆகவே குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டேப்பை மூக்கின் அடியில் சுற்றி, உடலுக்குள் முறுக்கி இறுக்கினேன்.

கிளப் தலைவரான பல் டாக்டர் அசைத்துப் பார்த்தார். "ஐயா, மேல போனதும் உள்ள வெடிச்சு மூக்கு கழண்டாத்தான் பாராசூட் வெளிய வரும். கொஞ்சம் லூசா இருக்கணும்."

"டாக்டர், கழட்டறது உங்க வேலை. கழலாம பாத்துக்கறது என் வேலை."

அப்போது தாங்கள் சிரித்ததை நான் பார்த்தேன்.

நேராகப் போனது, நேராகவே வந்தது. உள்ளே வெடித்தும் என் இணைப்பு அசையவில்லை, எஞ்சின்தான் பின்பக்கமாக ஓடிப்போயிற்று. தரையில் குத்தி நின்றதை மண்வெட்டியால் தோண்டினோம். அப்போதும் கழலவில்லை. வீட்டுக்கு வந்து தலைகீழாகப் பிடித்துத் தண்ணீர் நிரப்பினேன்; ஒரு சொட்டு ஒழுகவில்லை. கிட் வாங்கியவர் எவராவது தண்ணீர் ஊற்றிப் பார்த்ததுண்டா? முழங்கால் வலி, சுவரில் ஓட்டை, வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. அலுத்துவிட்டது சம்பந்தி. ஆனாலும் பந்தயத்தை மறுபடி நடத்தாமல் அறையைக் காலி செய்யமாட்டேன்.

தங்கள் வீட்டம்மாவுக்கு வணக்கம், மாப்பிள்ளைக்கு ஆசிகள். தங்கள் பசை என்றும் பிடிக்கட்டும்.

இப்படிக்கு,
தோற்காத சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் மகள் வந்து இறங்கிவிட்டாள். அறையைக் காலி செய்துவிட்டேன். மறுபந்தயம் வேண்டாம், அதில் தாங்கள் தோற்றால் குழந்தையை அங்கே அனுப்பவேண்டி வரும். தொட்டிலுக்கு மேல் என் குடைப் பாராசூட்டைத் தொங்கவிட்டேன். கறுப்பைப் பார்த்துப் பேத்தி வீறிடுகிறாள். தங்கள் கிட்டில் வந்த சிவப்புப் பாராசூட்டை அனுப்பவும். எப்படிக் கட்டுவது என்ற படத்தையும்.