நான் நட்ட சாமியும் நாலு ஏக்கர் காடும்

அரியூர் நாடு,
சனிக்கிழமை.

நாமக்கல் கோர்ட்டே எழுந்து நின்று கும்பிடும் வக்கீல் மாப்பிள்ளை மணிவண்ணனுக்கு, கொல்லிமலை உச்சியிலிருந்து உன் தாய்மாமன் கருப்பண்ணன் எழுதிக்கொண்டது. நீயும் பிள்ளைகளும் நலமாக இருங்கள். நாங்கள் இருக்கிறோம், அவ்வளவுதான்.

"மேல்காட்டு நாலு ஏக்கரை அப்பிடியே விடுங்க மாமா, காடு தானா வரும். முத்துன மரமாப் பாத்து வருசத்துக்கு நாலு வெட்டிக்கலாம்" என்று பன்னிரண்டு வருசத்துக்கு முன்னால் சொன்னவன் நீ. விட்டேன். வந்தது. காடு மட்டுமா வந்தது? உலகத்துக் கரடியெல்லாம் என் பலாப்பழத்துக்கு வந்தன. கரடியைப் பார்க்கச் சென்னையும் பெங்களூரும் ஊரைக் காலி செய்துகொண்டு வந்தன. ஒரு கூட்டம் என் மிளகுக் கொடியடியில் பிரியாணியே ஆக்கியது. விரட்டி விரட்டி என் முழங்கால் தேய்ந்து கணுக்காலோடு சேர்ந்துவிட்டது.

அந்தக் களைப்பில்தான் தப்புச் செய்தேன். துணி துவைக்கிற கல்லைத் தூக்கிப்போய் மரத்தடியில் நட்டு, மஞ்சள் பூசி, இது சாமி காடு, யாரும் நுழையக் கூடாது என்று அறிவித்தேன். வெளியூர்க்காரன் நின்றான். ஆனால் நம் ஜனங்களும் நம்பிவிட்டார்கள், மாப்பிள்ளை! சாமி காட்டில் நாம் சுள்ளிகூடப் பொறுக்க மாட்டோமே. போன வாரம், ஒழுகுகிற கூரைக்காக நாலு மரம் வெட்ட அரிவாளோடு போனால், பக்கத்துக் காட்டுச் சின்னுசாமி குறுக்கே விழுந்தான்.

"ஏனுங்கண்ணா, சாமி மரத்துலயா கை வெக்கறீங்க?"

"அட, அது எங்கூட்டுத் துவைக்கிற கல்லுடா!"

"கல்லுல வராம சாமி வேற எதுலீங்க வரும்?"

உன் அத்தை பாப்பாத்தியும் அவன் கட்சி. "நட்டது நீங்க. வந்து உக்காந்தது சாமி. கேட்டுட்டு வெட்டுங்க" என்கிறாள். கேட்டேன். மூன்று நாளாகப் பதிலில்லை.

அலுத்துவிட்டது. காட்டேஜ் கட்டுகிற ஆள் ஒருவர் காட்டைப் பார்க்க நாளைக்குச் சோளக்காடு ஸ்டாப்பில் பஸ் இறங்குகிறார். மொத்தமாகக் கொடுத்துவிடப் போகிறேன். உடனே வந்து கிரயப் பத்திரம் எழுதிக் கொடு.

நீ வாயைத் திறந்ததும் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு இருமல் வரட்டும் என்று வாழ்த்தும்,
உன் மாமன்,
கருப்பண்ணன்.

பி.கு.: இதைத் தபாலில் போடுவதற்குள் அந்த ஆள் வந்துவிட்டார். காட்டைக் காட்டினேன். "ஜேசிபி உட்டா அரை நாள்ல சுத்தம் பண்ணிரலாங்க" என்றார். அரை நாள்! என் வாய் என்னைக் கேட்காமலே பேசிவிட்டது: "எம் மாப்பிள்ளை வக்கீலுங்க. இந்தக் காட்டுல ஒருத்தரும் கை வெக்கக் கூடாதுன்னு கோர்ட்டுல தடை வாங்கி வெச்சிருக்கான்." ஆள் அடுத்த பஸ்ஸுக்கே போய்விட்டார். பத்திரம் வேண்டாம். அந்தத் தடையைச் சீக்கிரம் வாங்கிவிடு. யார் மேல் என்று கேட்காதே. என் மேலேயே வாங்கு.