ஜில்லாவைச் சுமந்த குதிரை

புதுக்கோட்டையில் ஜட்கா வண்டிக்காரர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். பழைய சமஸ்தானம் முழுவதையும் குதிரையின் உடம்பில் வைத்திருந்தவர் புள்ளிக்காரர் ஒருவர்தான். லைசென்ஸில் அவருக்கு வேறு பெயர் உண்டு. அதை எழுதிய எனக்கே மறந்துவிட்டது.

அவருடையது வெள்ளைப் பெட்டைக் குதிரை. உடம்பெல்லாம் மிளகளவில் செம்புள்ளிகள். இடப்பக்கத்துப் புள்ளி ஒவ்வொன்றுக்கும் ஓர் ஊர்ப் பெயர் வைத்திருந்தார். கழுத்தில் விராலிமலை, வயிற்றில் புதுக்கோட்டை, தொடையில் கீரமங்கலம்.

"கீரமங்கலம் எங்கிட்டுங்க இருக்கு?" என்று யாராவது கேட்டால் போதும், வண்டியை நிறுத்திவிடுவார்.

"இந்தா, வாலுக்குக் கிட்டக்க."

"குதிரை அங்கிட்டுத் திரும்பி நின்னா?"

"வலப்பக்கம் பாக்கக்கூடாதுங்க. அது வேற ஜில்லா."

1954-இல் நான் வண்டி லைசென்ஸ் ஆபீசில் குமாஸ்தா. பாரத்தில் குதிரையின் நிறம், அடையாளம் எழுத ஓர் இடம் உண்டு. மற்றவர்கள் 'வெள்ளை, புள்ளி உண்டு' என்று முடித்துவிடுவார்கள். எனக்கு அது போதவில்லை. வெயிலில் நின்று எண்ணி, 'இடப்பக்கம் புள்ளி 63' என்று எழுதினேன். எண்ணும்போது விட்டுப்போன புள்ளிகளை ஊர்ப் பெயர் சொல்லிப் புள்ளிக்காரர் எடுத்துக் கொடுத்தார்.

மறு வருடம் லைசென்ஸைப் புதுப்பிக்க வந்தார். இன்ஸ்பெக்டர் என் குறிப்பைப் பார்த்துவிட்டு, தாமே எண்ணினார். எழுபத்தொன்று.

"இது வேற குதிரைய்யா. லைசென்ஸ் கெடையாது. வண்டியை அவுத்துப் போடு."

அந்த வண்டி ஓடினால்தான் புள்ளிக்காரர் வீட்டில் ஆறு பேருக்கு உலை கொதிக்கும். என் துல்லியம் அதில் தண்ணீர் ஊற்றிவிட்டது.

புள்ளிக்காரர் பதறவில்லை. "வயசாக வயசாகப் புள்ளி கூடுற சாதிங்க இது," என்றார்.

"கதை விடாதேய்யா!"

"ஐயா, போன வருசம் ஒங்க மீசை முழுக்கக் கறுப்பு. இப்ப நாலு நரை. வேற ஆளுன்னு சொல்லி ஒங்களை ஆபீசுக்குள்ள விடாமலா இருக்காங்க?"

இன்ஸ்பெக்டர் மீசையைத் தடவினார். சுவர்க் கண்ணாடியில் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நாலு இல்லய்யா, மூணு," என்றபடி கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் ஆபீஸ் வாசலில் அவர் ஜட்கா நின்றது. "என்னாலதாங்க ஒங்களுக்கு இத்தனை பாடு," என்றேன்.

"அட போங்க தம்பி! புதுசா எட்டு முளைச்சிருக்குன்னு நீங்க எண்ணி வெச்சதாலதான எனக்கே தெரிஞ்சுது. எட்டு ஊருக்குப் பேரு வேணும். ஏறுங்க, போற வழியில யோசிப்போம்."

என் வீடு வருவதற்குள் ஐந்து ஊர் தேறியது. மன்னிப்பதற்கு ஏதும் இருந்ததாகவே அவருக்குத் தோன்றவில்லை. அதற்குத்தான் அந்த மனிதருக்கு இன்றுவரை நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.